விட்பில வாங்கின கறுப்பு ப்ரூச்: ஜெட் கல்லா, கண்ணாடியா?

வணக்கம் மக்களே, ஒரு உதவி. போன வாரம் இங்கிலாந்து விட்பில ஒரு பழைய சாமான் கடையில கறுப்பு ப்ரூச் (துணியில குத்துற நகை) வாங்கினேன். தன் வாலைத் தானே கவ்வுற பாம்பு, நடுவுல சின்ன முத்து. 1861-ல கணவர் ஆல்பர்ட் இறந்தப்புறம் விக்டோரியா ராணியால பரவின துக்க நகை பாணி. பாம்புன்னா முடிவில்லாத அன்பு, முத்துன்னா கண்ணீர், அதுவரைக்கும் தெரியும்.

கடைக்காரர் ஜெட்னு சொன்னார். ஆனா ஜெட் புதைஞ்ச மரத்துல உருவானது, கனமே இருக்காது, தொட்டா சில்லுன்னும் இருக்காது. இது கனமாவும் இருக்கு, சில்லுன்னும் இருக்கு! கறுப்புக் கண்ணாடியோ? மெருகில்லாத பீங்கான்ல உரசினா ஜெட் பழுப்புக் கோடு போடும், ஆனா உரச மனசு வரல. வேற வழி இருக்கா?

அப்புறம், இதை வெல்வெட் சோக்கர்ல (கழுத்தை ஒட்டிக் கட்டுற பட்டை) குத்தலாமா, கோட் காலர்லயா? (அம்மாகிட்ட துக்க நகைன்னு இன்னும் சொல்லல.)