குறைநோயா, சத்துக்குறை நோயா?

தஞ்சாவூரிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை மருத்துவ வரலாற்று வகுப்பு. 'டெஃபிஷியன்சி டிசீஸ்' என்பதற்குப் பாடப்புத்தகம் 'ஊட்டச்சத்துக் குறைபாட்டு நோய்' என்கிறது. ஒரே பக்கத்தில் பதினோரு முறை வருகிறது, வாய் வலிக்கிறது. பாடம் பெரிபெரி பற்றியது. மலாயாவில் தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கால் மரத்து, உடம்பு நீர் கோத்துச் செத்தார்கள். புழுங்கலரிசி தின்ற தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. 'குறைநோய்' போதுமா?

மதுரையிலிருந்து:
அது வினைத்தொகை அம்மா. குறைந்த நோய், குறைகின்ற நோய், குறையும் நோய். நோயாளி சந்தோஷப்படுவார்.

கோவையிலிருந்து:
இங்கே 'குறை' பெயர்ச்சொல். குறையால் வரும் நோய். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று வள்ளுவர் சொல்லவில்லையா? பரிமேலழகரும் உணவையும் செயலையும் வைத்துத்தான் உரை விரிக்கிறார். அப்புறம், கால் வீங்குவதால்தான் 'பெரிபெரி'. பெரிய கால், பெரிய கால்! தமிழ்ச்சொல்லே.

ஈப்போவிலிருந்து:
ஐயா, அதைச் சிங்களச் சொல் என்றுதான் பலரும் சொல்வார்கள். 'பெரி' என்றால் முடியாது, இயலாது. விடுங்கள்.

யாரோ எனக்குத் தனியாக எழுதிய 'இன்மைநோய்' வேண்டாம். இன்மை என்றால் வறுமை. 'பசிப்பிணி'யும் பொருந்தாது, அதில் பசியே பிணி. பெரிபெரிக்காரன் வயிறு நிறையத்தான் தின்றான். மலாயாவில் வேலை பார்த்த மருத்துவர்கள் ஃபிரேசரும் ஸ்டான்டனும் அங்குள்ள நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவாத் தொழிலாளர்கள் 300 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெள்ளை அரிசி, இன்னொரு பகுதிக்குப் புழுங்கல் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசிக்காரர்களுக்கே நோய் வந்தது. 1909இல் முடிவு வந்தது. அதற்கு முன் அங்கேயே இன்னொரு மருத்துவர் பிராடன் 1907இல் வெள்ளை அரிசியில் நஞ்சு என்றார். அரிசியைச் சரியாகப் பிடித்தார், காரணத்தைத் தவறவிட்டார்.

என் பாட்டி ஊறிய நெல்லை அண்டாவில் அவிப்பார். நெல் லேசாக வாய் பிளந்ததும் இறக்கிப் பாயில் கொட்டுவார், வீடெல்லாம் புழுங்கல் வாடை. தவிட்டிலிருக்கும் தயமின், அதாவது வைட்டமின் பி1, அந்த ஈரத்திலும் சூட்டிலும் அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் ஆலையில் தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். பாட்டிக்குத் தயமின் தெரியாது. அவித்தால் குருணை விழாது, அவ்வளவுதான். ஆகவே குறைந்தது உணவு இல்லை, அதிலிருந்த சத்து. 'சத்துக்குறை நோய்' என்று போடுங்கள்.

மதுரையிலிருந்து:
சரி. மாணவனுக்குப் புரியும்.

கோவையிலிருந்து:
'சத்து' வடசொல். 'ஊட்டக்குறை நோய்' என்றால் என்ன குறைந்துவிடும்?

தஞ்சாவூரிலிருந்து:
ஞாயிறு இரவு பதினொன்றரை. 'சத்துக்குறை நோய்' என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கோவையிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'பெரிகால்' பற்றி யாரும் விடை சொல்லவில்லை.