எம்ஆர்எஃப் பங்கைப் பிரித்தால் என்ன குறைந்துவிடும்?

சில்லறைச் சேமிப்பு:
மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கி இரண்டு வருடமாகப் பங்கு வாங்கி வருகிறேன். எம்ஆர்எஃப் ஒன்றாவது வாங்கி வைக்க ஆசை, ஆனால் ஒரே பங்கு லட்சத்துக்கு மேல், அதில் பாதி வாங்கவும் நம் ஊரில் வழியில்லை. பிரித்துக் கொடுத்தால்தான் என்ன? வருட நடுவில் லாபத்திலிருந்து தரும் இடைக்கால டிவிடெண்ட் வேறு பங்குக்கு வெறும் 3 ரூபாயாம். இதில் ஆபீஸில் ஒருவர் நாட்டிலேயே பெரிய கம்பெனி இதுதான் என்று சாதிக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
முதலில் அந்த ஆபீஸ்காரரைத் திருத்துங்கள் சார். எம்ஆர்எஃபின் மொத்தப் பங்குகளே சுமார் 42.4 லட்சம்தான். 2023 ஜூனில் விலை லட்சத்தைத் தொட்டபோதுகூட மொத்த மதிப்பு 42,000 கோடி சொச்சம். ரிலையன்ஸ் பங்குகள் 1,300 கோடிக்கு மேல், அதை ரிலையன்ஸ் பங்கின் விலையோடு பெருக்கிப் பாருங்கள், எது பெரிதென்று தெரிந்துவிடும். முகமதிப்பு, அதாவது பங்கில் குறித்திருக்கும் அடிப்படை மதிப்பு, 10 ரூபாயை 1 ரூபாயாக உடைத்தால் ஒன்றுக்குப் பத்து கிடைக்கும், விலையும் பத்தில் ஒன்றாகும், அவ்வளவுதான். தோசையைப் பிய்த்தால் மாவு கூடுமா?

வடசென்னைவாசி:
தோசைக் கணக்கு சரி, ஆனால் 5,000 ரூபாய்க்காரர் கடைக்குள் நுழையவே முடியவில்லையே! அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் கூட தன் பெர்க்‌ஷயர் கம்பெனியின் ஏ பங்கைப் பிரிக்காமல், 1996-ல் பி என்று சின்னப் பங்கு ஒன்றை விட்டார். நம் திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய கம்பெனி, உள்ளூர்க்காரனுக்கு எட்டாத உயரத்தில் நிற்பது எனக்கு உறுத்தல்தான். சரி, அது என் சென்டிமென்ட்.

கணக்குப்பிள்ளை:
அது நியாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எல்லாம் அந்த 3 ரூபாயையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 2023-24-ல் ஒரு பங்குக்கு டிவிடெண்ட் 3, 3, கடைசியில் 194, ஆக 200 ரூபாய். அதே வருடம் லாபம் 2,000 கோடிக்கு மேல், அதாவது ஒரு பங்குக்கு ஏறக்குறைய 4,900 ரூபாய். நம் கைக்கு வந்தது 4 சதவீதம், மிச்சமெல்லாம் கம்பெனியிலேயே. அந்த மிச்சத்தை வைத்து என்ன சம்பாதிக்கிறார்கள் என்றுதான் பங்குதாரர் கேட்க வேண்டும். முந்தைய வருடம் லாபம் 800 கோடிக்கும் கீழே. ரப்பர், கச்சா எண்ணெய் விலை ஏறினால் டயர்க் கம்பெனிக்கு உடனே மூச்சு வாங்கும். ஆகவே ஒரு வருட லாபத்தைப் பார்த்து மயங்காமல், பத்து வருட ஆர்ஓசிஇ-யை (தொழிலில் போட்ட மூலதனத்துக்கு எத்தனை சதவீதம் சம்பாதித்தார்கள் என்ற கணக்கு) அப்போலோ டயர்ஸ், சியட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பங்கைப் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அந்த எண் மாறாது.

சில்லறைச் சேமிப்பு:
4,900-ல் 200 என்பது எனக்குத் தோன்றவே இல்லை சார். இன்று ராத்திரி மூன்று கம்பெனி ஆண்டறிக்கையையும் இறக்கிவிடுகிறேன். ஆபீஸ்காரருக்கு மட்டும் அந்த தோசை உதாரணத்தைச் சொல்லிவிட்டேன், இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.