மறு: இன்டர்காம் முகப்புப் பொத்தான்களுக்குத் தமிழ்ப் பெயர்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மேடை நிகழ்ச்சிகளில் வேலை செய்கிறவர்கள் ஹெட்செட் மாட்டித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காமின் பொத்தான்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதன் மையப் பெட்டியான மாஸ்டர் ஸ்டேஷனுக்குத் ‘தலைமை நிலையம்’ என்று முந்தைய மடலில் நம் குழுவின் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். நிலையம் என்றதும் நமக்கு ரயிலும் போலீசும்தான் நினைவுக்கு வரும். இதுவோ சவுண்ட் மிக்சருக்குப் பக்கத்தில் வைக்கிற ஒரு பெட்டி. ஆட்கள் இடுப்பில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டிகளுக்கெல்லாம் கரண்ட் இதிலிருந்துதான் போகிறது (கிளியர்காம் நிறுவனத்தின் வகையில் 30 வோல்ட் டிசி). அதனால் இது தாய்ப்பெட்டி, அவை இடுப்புப்பெட்டி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பொத்தான்களுக்கு வருவோம். ‘பேச்சு விசை’, ‘கேட்பு விசை’ என்று பெயர்ச்சொல்லாக வைப்பதைவிட பேசு, கேள் என்று ஏவலாகவே எழுதலாம். விளக்கை அணைத்த பிறகு இருட்டில் ஒரு நொடி பார்த்து அழுத்துகிற பொத்தான் இது. நீளமான பெயர் உதவாது. கேள் என்றால் கேள்வி கேட்பது என்றும் ஆகிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பேசு பக்கத்திலேயே இருக்கும்போது அந்தக் குழப்பம் வராது.

ஆளைக் கூப்பிடும் ‘கால்’ (call) பொத்தானுக்கு நான் சொல்வது விளி. எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மேடை வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மலையாளம் பேசுகிறவர்கள். அவர்களுக்கு விளி அன்றாடச் சொல், போனில் கூப்பிடுவதும் விளிதான். நமக்கோ விளி வேற்றுமை பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். பழந்தமிழில் விளிதலுக்கு இறத்தல் என்ற பொருளும் உண்டுதான். ஆனால் இன்று அந்தப் பொருளில் யாரும் பேசுவதில்லை. இதை அழுத்தினால் எதிர்ப்பக்கப் பெட்டியில் விளக்கு எரியும். ஹெட்செட்டைக் கழற்றி வைத்தவரையும் கூப்பிடலாம். விளி என்ற சொல் அந்த வேலையைச் சரியாகச் சொல்கிறது.

பேசு பொத்தானுக்கு இரண்டு நடத்தை உண்டு. சட்டென்று தட்டிவிட்டால் மைக் திறந்தே இருக்கும், மறுபடி தட்டினால்தான் மூடும். அழுத்திப் பிடித்தால் விரலை எடுக்கும் வரைதான். இவற்றைத் தட்டிப் பேசு, பிடித்துப் பேசு என்று சொன்னால் புதிதாக வரும் பையனுக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

இப்போது சைட்டோன், அதாவது நம் குரல் நம் காதிலேயே கேட்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு. இதற்குச் சொல்லப்படும் ‘பக்கத்தொனி’யை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். பக்கத்தில் எதுவும் ஒலிக்கவில்லை. இரண்டு கம்பி இணைப்பில் பேச்சும் கேட்பும் ஒரே வழியில் போவதால், நாம் பேசுவது நம் காதுக்கே திரும்பி வருகிறது. அது எவ்வளவு வர வேண்டும் என்பதை இந்தத் திருகு தீர்மானிக்கிறது. மற்றவர் காதில் நம் சத்தம் இதனால் கூடாது, குறையாது. இது புரியாமல், ‘நான் பேசுவது அங்கே கேட்கவில்லை போல’ என்று இதைத் திருகுகிறவர்கள் ஏராளம். மிகவும் குறைத்துவிட்டால் மைக் வேலை செய்யவில்லையோ என்று ஆள் கத்த ஆரம்பிப்பார். மிகவும் கூட்டினால் தன் குரலே பெரிதாகக் கேட்பதால் முணுமுணுப்பார். ஹெட்செட் இல்லாமல் பெட்டியின் ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்துப் பேசும்போது கூட்டினால் ‘கூ’வென்று ஊளையிடும். ஆகவே தன்குரல் என்று வைக்கலாம். யாருடைய குரல், யார் காதுக்கு என்பது பெயரிலேயே இருந்தால் இந்தத் தவறு பாதியாவது குறையும். ‘எதிரொலி’ என்று சிலர் சொல்வது கூடாது. எக்கோ என்பது தனிக் கோளாறு, இரண்டையும் கலந்தால் பழுது பார்க்கிறவர் வேறெதையோ தேடுவார்.

மீதமிருப்பது மைக் கில். யாரோ ஒருவர் மைக்கைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் லைன் முழுக்க இரைச்சல். அப்போது தாய்ப்பெட்டியிலிருந்தே எல்லா இடுப்புப்பெட்டிகளின் மைக்கையும் மூடும் பொத்தான் இது. கேட்பது நிற்காது, பேச்சு மட்டும் நிற்கும். ‘மைக் கொல்’ வேண்டாம். ‘அனைத்தும் அடை’ என்றால் கேட்பதும் நின்றுவிடும் என்று நினைப்பார்கள். இப்போதைக்கு மைக் அடை என்று எழுதியிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், பெட்டியில் ஒட்டும் பட்டைகளை அதற்குப் பிறகு அச்சுக்குக் கொடுக்கிறேன்.