இபிகியூவா, கோல்டா? அனுபவம் உள்ள பெற்றோர் சொல்லுங்கள்

லண்டன் பெற்றோரிடம் ஒரு உதவி. மகள் சிக்ஸ்த் ஃபார்ம் முதல் வருடம்; உயிரியல், வேதியியல், கணிதம் என மூன்று ஏ-லெவல். கூடவே இபிகியூ (தானே தலைப்பு எடுத்துச் செய்யும் ஆய்வுத் திட்டம்) செய்வதா, இளையோருக்கான டியூக் ஆஃப் எடின்பரோ கோல்ட் விருதுக்குப் போவதா என்று வீட்டில் ஒரே பேச்சு. இபிகியூவுக்கு 5,000 சொல் கட்டுரை. ஏ-ஸ்டார் எடுத்தால், பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு உதவும் யூகாஸ் புள்ளி 28. கோல்டுக்குப் புள்ளி கிடையாது. 12 மாதத் தொண்டு, 4 நாள் பயணம், கூடாரத்தில் தூக்கம். அவளுக்கு மனம் அதில்தான். அவள் அப்பாவுக்குப் புள்ளிக் கணக்கு!

இரண்டையும் சேர்த்துச் சமாளித்த பிள்ளைகள் உண்டா? படிப்பு பாதித்ததா? அப்புறம், கோல்டுக்கான தொண்டுக்கு, ஹாரோ பக்கம் சின்ன வகுப்புகளுக்கு உதவியாளராக 16 வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி எதுவும் தெரிந்தால் சொல்லுங்கள். முதியோர் இல்லம் என்றாலும் சரி.