புதுப்பிப்பு: மைகோசிஸ் ஃபங்காய்டிஸ், தோல் துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்குப் போகும் முன்

வெளிறிய தேமலாகவும் தொடங்கக்கூடிய இந்த அரிய தோல் புற்றுநோய் பற்றிய முந்தைய பதிவுக்கு அதிகம் வந்த கேள்வி: "வெளிறிய தேமல் என்றால் தொழுநோயா?" தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் பெயர்போன கரிகிரி பக்கத்திலேயே இருப்பதால் வேலூர், காட்பாடிக்காரர்களுக்கு அந்தப் பயம் முதலில் வருவது இயல்பு. தொழுநோய்த் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி குறையும். இந்தப் புற்றுநோய்த் தேமலில் பொதுவாகக் குறையாது. உறுதி செய்வது பயாப்சிதான். இந்தப் புற்றுநோய் ஒட்டுவாரொட்டியும் அல்ல, வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பயாப்சிக்கு 2 முதல் 4 வாரம் முன்பே ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தச் சொல்வார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் படர்தாமரை க்ரீம்கள் பலவற்றிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ட்யூபையே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். பூசிக்கொண்டே போனால் தோலில் கூடியிருக்கும் லிம்போசைட்டுகள் (இந்த நோயில் புற்றாக மாறும் வெள்ளை அணுக்கள்) அடங்கி, ரிப்போர்ட் வெறும் அழற்சி என்று வந்துவிடலாம். ஆரம்பக் கட்டத்தில் ஒரே பயாப்சியில் பிடிபடாமல் போவது சகஜம். தேமல் போகாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். ஆஸ்பத்திரி மாறினால் ரிப்போர்ட் நகல் போதாது. எடுத்த தோல் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும், அதிலிருந்து சீவி வைத்த கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள்.

நோய் உறுதியானபின் தரும் ஒளி சிகிச்சை (தோலில் புற ஊதா ஒளி படவைப்பது) வாரம் 2, 3 முறை, மாதக்கணக்கில் நடக்கும். குடியாத்தம், ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கூலி இழப்பையும் சேர்த்து முதல் நாளே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.