மூடிக் கிடந்து மறுபடி திறந்த பொது கோல்ஃப் மைதானத்தில் முதல் ரவுண்டு

கேள்வி:
வணக்கம். வேலை மாறி வெளிநாடு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த நகராட்சி கோல்ஃப் மைதானம் ஒன்றைச் சீரமைத்துத் திறந்திருக்கிறார்கள். உறுப்பினராக இல்லாவிட்டாலும் ஆடலாமாம். பயிற்சித் திடலில் பந்தடித்துப் பழக்கம் உண்டு, முழு ரவுண்டு ஆடியதில்லை. மானம் போகாமல் ஆடி முடிக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்:
வாங்க. பொது மைதானம்தானே என்று மட்டமாக நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸே பொது மைதானம்தான். நியூயார்க் மாநிலத்தின் பெத்பேஜ் பிளாக்கில் 2002, 2009 என இரண்டு முறை கோல்ஃபின் யு.எஸ். ஓபன் நடந்திருக்கிறது. ஹூஸ்டன் நகராட்சியின் மெமோரியல் பார்க்கைப் புதுப்பித்தபின் 2020-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிஜிஏ டூர் போட்டியே அங்கே வந்தது.

டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரப் பதிவு) எடுக்கும்போது வார இறுதிக் காலைகளை விட்டுவிடுங்கள். வார நாளில் பிற்பகல், அதுவும் முதல் தடவை என்றால் 9 குழி போதும் (முழு ரவுண்டு 18). ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடைவெளி பெரும்பாலும் 8 முதல் 10 நிமிடம்தான் என்பதால் தாமதமாகப் போனால் உங்கள் இடம் போய்விடும். அரை மணி நேரம் முன்னதாகப் போய்ப் பணம் கட்டி, ஸ்டார்ட்டரிடம் (குழுக்களை வரிசையாக அனுப்புபவர்) பெயர் சொல்லி, பயிற்சி கிரீனில் (கிரீன் என்பது குழியைச் சுற்றியுள்ள குறும்புல் திடல்) பத்துப் பதினைந்து பட் (உருட்டும் அடி) அடித்துப் பாருங்கள். பந்து எவ்வளவு தூரம் உருள்கிறது என்பது அங்கேயே பிடிபட்டுவிடும்.

தனியாகப் பதிந்தால் முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேரோடு சேர்த்துவிடுவார்கள். அது வழக்கம்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. பெயரைச் சொல்லுங்கள், புதியவர் என்பதையும் முதல் டீயிலேயே (குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடம்) சொல்லிவிடுங்கள். நீங்கள் எத்தனை அடியில் முடித்தீர்கள் என்று கூட ஆடுகிறவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. எவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள் என்று மட்டும் கட்டாயம் பார்ப்பார்கள்.

விதிப்படி பையில் 14 மட்டை வரை இருக்கலாம். உங்களுக்கு 7 போதும்: ஒரு ஃபேர்வே வுட், ஒரு ஹைப்ரிட், 6 அயர்ன், 8 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ் (இரண்டும் பந்தை உயரத் தூக்கும் மட்டைகள்), பட்டர் (கிரீனில் உருட்டும் மட்டை). டிரைவர் என்ற நீளமான மட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. புதியவர் தொலைக்கும் பந்துகளில் பெரும்பங்கு அதனால்தான். பழைய பந்து ஒரு டஜன், பந்தை ஏற்றி வைக்கும் மரக்குச்சி (அதற்கும் டீ என்றுதான் பெயர்) ஒரு கைப்பிடி, பந்தின் இடத்தைக் குறிக்க ஒரு நாணயம், கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யும் முள்கருவி, ஒரு துண்டு. பந்துகளில் பேனாவால் ஏதாவது அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பந்து எது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் விதிப்படி அது தொலைந்த பந்து.

எந்த டீயிலிருந்து ஆடுவது? 5 அயர்னில் சராசரியாக எத்தனை கஜம் அடிப்பீர்களோ அதை 36-ஆல் பெருக்குங்கள். 130 கஜம் என்றால் 4,680. 18 குழியின் மொத்த நீளம் அதை ஒட்டி வரும் டீதான் உங்களுடையது. அநேகமாக எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கும் டீயாகத்தான் இருக்கும். ஆண் பிள்ளை அங்கிருந்து அடிப்பதா என்ற வீம்பு வேண்டாம்.

நான்கு பேர் 18 குழியை முடிக்க 4 மணி நேரம், மிஞ்சினால் நாலரை. உங்கள் குழு பின்தங்குகிறதா என்பதை முன்னால் போகும் குழுவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பின்னால் வருபவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அளவுகோல் அல்ல. முன்னால் ஒரு குழி காலியாகக் கிடக்கிறது, பின்னால் ஆள் காத்திருக்கிறார் என்றால் கையசைத்து வழிவிடுங்கள். பந்தைத் தேட 3 நிமிடம்தான் (2019-க்கு முன் 5). தொலைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் அங்கேயே "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிட்டு நகருங்கள். அந்தச் சொல்லைச் சொல்ல மறந்தால் இரண்டாவது பந்தே ஆட்டப்பந்து ஆகிவிடும். பாரின் (அந்தக் குழிக்கு வகுத்திருக்கும் அடிகளின் எண்ணிக்கை) இரு மடங்கைத் தொட்டதும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போங்கள். சாதாரண ஆட்டத்தில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், நன்றிதான் சொல்வார்கள்.

இன்னொருவர் பதில்:
மேலே சொன்னது எந்த மைதானத்துக்கும் பொருந்தும். புதிதாகச் சீரமைத்த மைதானத்தில் வேறு சில சிக்கல்கள் உண்டு.

முதலாவது கிரீன். புதிதாகக் கட்டிய கிரீன் கல்லு மாதிரி இருக்கும். பரவலாகப் பின்பற்றும் யு.எஸ்.ஜி.ஏ. (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) முறையில் அடியில் 10 செ.மீ. சரளை, அதன்மேல் சுமார் 30 செ.மீ. மணல் கலவை, அதற்கு மேல் புல். வருஷக்கணக்கில் வேரும் மக்கிய புல்லும் சேர்ந்தால்தான் மெத்தை மாதிரி ஒரு அடுக்கு உருவாகும். அது இன்னும் இல்லாததால் மேலிருந்து விழும் பந்து நிற்காமல் குதித்துப் பின்பக்கம் ஓடிவிடும். கொடிக்கு நேராக அடிக்காதீங்க. முகப்புக்குப் பத்துப் பதினைந்து கஜம் முன்னாலேயே விழவைத்து உருட்டி ஏற்றுங்க. சீரமைப்பில் பழைய மரங்களை வெட்டி, கிரீனைச் சுற்றி வழுவழுவென்று புல்லைக் குறைத்திருந்தால் தவறிய பந்து சரிவில் இறங்கித் தொலைவுக்குப் போய்விடும். அங்கே வெட்ஜைத் தொடாதீங்க. கிரீனுக்கு வெளியே இருந்தாலும் பட்டரை எடுங்க. அதற்கு "டெக்சஸ் வெட்ஜ்" என்று செல்லப்பெயரே இருக்கு.

அடுத்தது பங்கர், அதாவது மணல் பள்ளம். புது மணல் படிந்து இறுகச் சில மாதம் ஆகும். அதுவரை பந்து பாதி புதைந்து, பொரித்த முட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். வழக்கமான அடிக்கு மட்டை முகத்தை விரித்து, பந்துக்கு 5 செ.மீ. பின்னால் மணலை அடிப்போம். புதைந்த பந்துக்கு அது வேலைக்கு ஆகாது. முகத்தை நேராகவோ சற்று மூடியோ வைத்து, செங்குத்தாக இறக்கி வெட்டுங்க. பந்து தாழ்வாக வெளியே வந்து நிறைய ஓடும், அதற்கு இடம் விட்டுக் குறிவையுங்க. அடிக்கும் முன் பந்துக்கு முன்னாலோ பின்னாலோ மணலை மட்டையால் தொட்டால் ஸ்கோரில் 2 அடி கூட்டும் தண்டனை. கிடக்கும் இலை, கல்லை எடுக்கலாம், அது 2019 முதல் அனுமதி. ஆடி முடித்ததும் ரேக்கால் சமன் செய்துவிட்டுத்தான் வெளியே வரணும்.

ஸ்கோர் அட்டையின் பின்பக்கத்தையும் முதல் டீ பக்கம் ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் படிக்காமல் ஆரம்பிக்காதீங்க. இந்த மாதிரி மைதானத்தில் உள்ளூர் விதிகள் ஏராளம். பதியம் போட்ட புல்பாளங்களின் இணைப்பில் பந்து சிக்கினால் சலுகை (தண்டனையின்றிப் பந்தை நகர்த்தி ஆடுவது) இருக்கலாம். முட்டுக்குச்சி கட்டிய இளம் மரங்களுக்குப் பக்கத்தில் ஆடக் கூடாது என்று தடை இருக்கலாம். அப்படி இருந்தால் சலுகை எடுப்பது கட்டாயம், விருப்பம் இல்லை. வெள்ளைக் கோடு வரைந்த பழுதுநிலத்தில் (சீரமைப்பில் உள்ள இடம்) பந்து கிடந்தால் தண்டனை கிடையாது. இடைஞ்சல் இல்லாத மிக அருகான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடணும். ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் இடையே புல் குறைத்த பாதை) மண் இன்னும் இளகலாக இருந்து, பந்து விழுந்த வேகத்தில் தன் குழியிலேயே புதைந்தாலும் இலவசச் சலுகை உண்டு. மணலுக்கு அது கிடையாது.

கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்வதில்தான் நல்லெண்ணத்தோடு தப்புச் செய்கிறார்கள். முள்ளை அடியில் விட்டு நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து அந்த இடம் பழுப்பாகிவிடும். ஓரங்களைச் சுற்றிலும் நடுவை நோக்கித் தள்ளி, பட்டரின் அடிப்பாகத்தால் லேசாகத் தட்டினால் போதும். ஃபேர்வேயில் பெயர்ந்த புல்துண்டு பெரிதாக, மண்ணோடு இருந்தால் திரும்ப வைத்து மிதியுங்க. பெர்முடா போன்ற வெப்பநிலப் புல் சிதறித்தான் வரும். அங்கே கொடுத்திருக்கும் மணல் கலவையைக் கொட்டி நிரப்புங்க.

கேள்வி:
நன்றி. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் குச்சிகள் பார்த்தேன். குழப்பமாக இருக்கிறது.

பதில்:
வெள்ளைதான் கெட்டது, எல்லைக்கு வெளியே. ஒரு அடி தண்டனையோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்பணும். திரும்பி நடக்காமல், 2 அடி சேர்த்துப் பந்து போன இடத்துக்குப் பக்கத்தில் ஃபேர்வே ஓரமாகப் போட்டு ஆட அனுமதிக்கும் உள்ளூர் விதி 2019 முதல் இருக்கிறது. அந்த மைதானம் அதை எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். மஞ்சள், சிவப்பு இரண்டும் தண்டனைப் பகுதி (குளம், ஓடை போன்றவை), 1 அடி. மஞ்சளில் பழைய இடம், அல்லது கொடிக்கும் பந்து உள்ளே போன புள்ளிக்கும் நேர்கோட்டில் பின்னால். சிவப்பில் இவற்றோடு, உள்ளே போன புள்ளியிலிருந்து 2 மட்டை நீளத்துக்குள் பக்கவாட்டிலும் போடலாம். அடிக்க முடிகிற மாதிரி கிடந்தால் உள்ளே இருந்தபடியே தண்டனை இல்லாமலும் அடிக்கலாம்.

இன்னொருவர் பதில்:
பாதுகாப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. பந்து யார் பக்கமாவது போனால் வெட்கப்படாமல் "ஃபோர்!" என்று கத்துங்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எங்கே என்று நிமிர்ந்து பார்க்கக் கூடாது. தலையைக் கையால் மூடிக் குனியுங்கள். நீளமாக ஒரே சைரன் என்றால் உடனே ஆட்டத்தை நிறுத்தணும், பெரும்பாலும் மின்னல்தான் காரணம். குழியை முடித்துவிடலாம் என்று நிற்க வேண்டாம், மரத்தடியிலும் ஒதுங்க வேண்டாம், கட்டடத்துக்குள் போங்கள். இரண்டு சிறு ஒலி வந்தால் மறுபடி ஆரம்பிக்கலாம். பந்தை எச்சில் தொட்டுத் துடைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், புல்லில் உரமும் மருந்தும் இருக்கும்.

வண்டி எடுத்தால், இளம் புல் உள்ள இடத்தில் பாதையை விட்டு இறங்க விடமாட்டார்கள். பந்து பாதைக்கு எதிர்ப்பக்கம் கிடந்தால் இரண்டு மூன்று மட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒன்றை மட்டும் எடுத்துப் போய், அது ஒத்துவராமல் திரும்பி நடப்பதில்தான் நேரம் போகிறது.

மேலும் ஒரு பதில்:
ஆட்டம் பிடித்துப்போனால் ஹேண்டிகேப் (உங்கள் திறமையைக் காட்டும் எண்) எடுத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே முறை, உச்சவரம்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் 54.0. மொத்தம் 54 குழிக்கான ஸ்கோர் கொடுத்தால் எண் கிடைக்கும், 9 குழி அட்டைகளும் கணக்கில் சேரும். சில நாடுகளில் கிளப்பில் சேராதவர்களுக்கும் தேசிய சங்கமே தருகிறது. கையில் அந்த எண் இருந்தால், ஊர் மாறினாலும் கேட்கிற மைதானத்தில் காட்டலாம். ஆனால் ஹேண்டிகேப்புக்கான அட்டையில் பாரின் இரு மடங்கில் நிறுத்தும் கணக்கு செல்லாது, அங்கே வரம்பு நெட் டபுள் போகி, அதாவது பாரோடு 2 அடியும் அந்தக் குழிக்கு ஹேண்டிகேப் தரும் கூடுதல் அடியும். எண் வரும் வரை ஒரு குழிக்குப் பாரோடு 5 அடி. கூட ஆடியவரிடம் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.