800 எம்பிஎஃப்ஐ: மைலேஜ் 17-ல இருந்து 11, பிளக் மூணும் கரி

பாளை மார்க்கெட்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். 2006 மாடல் மாருதி 800, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் பெட்ரோல் ஊத்துத மாடல்). பெட்ரோல் மட்டும்தான், கேஸ் கிட் கிடையாது. பாளையில இருந்து நாங்குநேரிக்கு நாலுவழிச் சாலையில போய்வர லிட்டருக்கு 17 கிலோமீட்டர் குடுத்த வண்டி, இப்ப 11-தான். சைலன்சர் நுனியத் தொட்டா விரல்ல கரி ஒட்டுது, காலையில பெட்ரோல் வாடை அடிக்கி. ஏர் ஃபில்டர், பிளக் ரெண்டும் புதுசு போட்டாச்சு. அந்தப் புது பிளக்கும் மூணும் காஞ்ச கரியா வருது. செக் இன்ஜின் லைட் எரியல. சித்திரையில ரேடியேட்டர் அடைப்பு எடுத்ததத் தவிர வேற வேலை எதுவும் பாக்கல. சூடும் ஏறல, முள் கால்வாசியத் தாண்டுறதே இல்ல. மெக்கானிக் ஆக்ஸிஜன் சென்சார் போயிட்டு, மாத்தணும்னு சொல்லுதாரு. மாத்தலாமா?

ஸ்பானர் செட்:
இப்ப மாத்தாதீங்க. புகையில மிஞ்சுத ஆக்ஸிஜனைப் பாத்து பெட்ரோல் கூடவா குறைவான்னு சொல்லுதது அந்த சென்சார்தான், முதல்ல அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க. இந்த வயசு வண்டியில மலிவு புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் பேசாது, டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும்.

இன்ஜின் நல்லா சூடானப்புறம் 2000 ஆர்பிஎம்ல பிடிச்சுக்கிட்டு, சென்சார் சிக்னல் வயர்ல வோல்டேஜ் பாருங்க. வயரை வெட்ட வேண்டாம், கனெக்டர் பின்பக்கமா ஊசியச் செருகினா போதும். நல்ல சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும்.

0.8, 0.9-லயே நிக்குன்னா, அது உண்மையச் சொல்லுது: பெட்ரோல் கூடத்தான் போகுது. அப்ப சென்சாரை மாத்தினா காசுதான் போகும், கரி போகாது. ஒரு வேக்குவம் ஹோஸைக் கழட்டி வெளிக்காத்தை உள்ள விடுங்க. வோல்டேஜ் சடக்குன்னு விழுந்துச்சுன்னா சென்சாருக்கு உயிர் இருக்கு.

மாறா, பிளக் கரியா இருக்கும்போதே 0.1-லயே, அதாவது பெட்ரோல் குறைவுங்க அளவுலயே, கிடந்தா ரெண்டு காரணம் உண்டு. சென்சார் செத்திருக்கணும், இல்லன்னா அதுக்கு முன்னால எக்ஸாஸ்ட் கேஸ்கெட் லீக் ஆகி வெளிக்காத்து உள்ள ஏறணும். அந்தக் காத்தைப் பாத்து ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோல் பத்தலன்னு நினைச்சு இன்னும் ஊத்தும். மிஸ்ஃபயர் ஆகுத, அதாவது பத்தாம விடுத, சிலிண்டரும் இதே வேலையச் செய்யும், எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளிய வருதுல்லா.

மூணு பிளக்கும் ஒண்ணுபோலக் கரின்னா ஒரு இன்ஜெக்டரைச் சந்தேகப்பட வேண்டாம், மூணுக்கும் பொதுவான இடத்துலதான் கோளாறு. இன்ஜின் இழுக்குத காத்தோட அழுத்தத்தை அளக்குத மேப் சென்சாருக்குப் போற ஹோஸ் வெடிச்சிருக்கான்னு பாருங்க. வேக்குவம் கசிஞ்சா லோடு கூடன்னு நினைச்சு ஈசியூ ஊத்தும். பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர் இன்ஜெக்டர் ரெயில்லயே இருந்தா அதோட வேக்குவம் ஹோஸை உருவிப் பாருங்க, உள்ள பெட்ரோல் ஈரம் இருந்தா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு.

ஆலங்குளம் ரோடு:
ஸ்பானர் அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா விடை கேள்வியிலயே கிடக்கு. ரேடியேட்டர் வேலை பாத்த பிறகு முள் கால்வாசியத் தாண்டலங்கது நல்ல சேதி இல்லவே.

நம்ம பக்கத்து வெயிலப் பாத்து 'இது எதுக்கு'ன்னு தெர்மோஸ்டாட்டை (சூடாகுதவரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்குத வால்வு) கழட்டி வீசுத பழக்கம் பட்டறைகள்ல இன்னும் இருக்கு. வெளிய 38 டிகிரி அடிச்சாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான், அதுக்கு வேண்டியது 80-க்கு மேல. நாலுவழிச் சாலையில 80 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது காத்து ரேடியேட்டரை நேரா அடிச்சு, கூலன்ட் சூடாகவே விடாது. சூடு ஏறாதவரை ஈசியூ ஆக்ஸிஜன் சென்சார் பேச்சைக் காதுலயே வாங்காது, 'காலை ஸ்டார்ட்' கணக்குலயே பெட்ரோலை ஊத்திக்கிட்டு இருக்கும். வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் இந்த வயசு ஈசியூ லைட்டைப் போடும். இன்ஜின் சும்மா குளிர்ந்து கிடந்தா அதுக்குப் புகார் இல்ல.

சோதனை சுலபம். காலையில ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸ் மேல கைய வையுங்க. சில நிமிஷம் குளுந்து கிடந்துட்டு அப்புறம் திடுதிப்புன்னு சுடணும். முதல்ல இருந்தே வெதுவெதுன்னு ஏறினா தெர்மோஸ்டாட் திறந்தே நிக்கி, இல்ல உள்ள ஆளே இல்ல.

அதோட, ஈசியூவுக்குப் போற ரெண்டு வயர் கூலன்ட் சென்சாரை அளந்துக்கிடுங்க. முள்ளுக்குப் போற ஒத்த வயர் சென்சார் வேற, குழப்பிக்கிட வேண்டாம். அதோட கனெக்டரை உருவி ஓம் பாத்தா, 20 டிகிரியில சுமார் 2.5 கிலோஓம், 80-ல சுமார் 300 ஓம் வரணும். சூடான இன்ஜின்லயும் 1 கிலோஓம்க்கு மேல காட்டினா, இன்ஜின் குளிர்ந்து கிடக்குன்னு ஈசியூகிட்ட பொய் சொல்லுது. பொய்யான அளவும் அதோட எல்லைக்குள்ள இருந்தா லைட் எரியாது.

காவல்கிணறு காத்து:
ரெண்டு வார்த்தை. மைலேஜை டேங்க் ஃபுல் டு ஃபுல் பாருங்க, அதே பம்ப்ல, முதல் கட்-ஆஃப்லயே நிறுத்தி. ஆனி, ஆடியில வள்ளியூர், பணகுடி பக்கம் மேல்காத்து எதுத்து அடிக்கும்போது எடுத்த கணக்க நம்பாதீங்க. வீல் நாலையும் ஜாக்கில தூக்கிச் சுத்திப் பாருங்க, பிரேக் பிடிச்சிருந்தாலும் மைலேஜ் போகும்; ஆனா பிளக் கரியாகாது. எத்தனால் பெட்ரோல்மேல பழியப் போடுதவங்களுக்கும் இதே பதில்தான். 2021-ல நிதி ஆயோக் அறிக்கை, ஈ10-க்கு (பத்து சதம் எத்தனால்) அளவு வச்ச பழைய கார்ல ஈ20 (இருபது சதம்) போட்டா 6-7 சதம் குறையும்னு சொல்லுது. எத்தனால்ல ஆக்ஸிஜன் இருக்கதால அது கலவைய லீனாத்தான், அதாவது காத்து கூடினதாத்தான், ஆக்கும். 17, 11 ஆகுதது அதோட வேலை இல்ல.

பாளை மார்க்கெட்:
மேல் ஹோஸ் ஒரு நிமிஷத்துலயே வெதுவெதுப்பு. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்தா உள்ள காலி, கேஸ்கெட்டுக்குப் பதிலா சிலிக்கான் பூசி மூடியிருக்கு. கூலன்ட் சென்சார் ஆறின இன்ஜின்ல 1.8 கிலோஓம். ஆக்ஸிஜன் சென்சார் 0.85-ல நின்னுச்சு, வேக்குவம் ஹோஸைக் கழட்டினதும் 0.1-க்கு இறங்கிட்டு. இனி என்ன செய்ய?

ஆலங்குளம் ரோடு:
ஆக்ஸிஜன் சென்சார் நல்லாருக்கு, காசு மிச்சம். கூலன்ட் சென்சாரும் ஆறினப்ப சரிதான், தெர்மோஸ்டாட் போட்டு இன்ஜின் சூடானப்புறமும் ஒரு தடவை அளந்துக்கிடுங்க. புது தெர்மோஸ்டாட் வாங்கினதும் போடுததுக்கு முன்னால ஒரு சட்டியில தண்ணி வச்சு தெர்மாமீட்டரோட சூடாக்கிப் பாருங்க. மேல 82-ன்னு பொறிச்சிருந்தா அந்தச் சூட்டுல திறக்க ஆரம்பிக்கணும், ஆறினதும் முழுசா மூடணும். தெர்மோஸ்டாட் விளிம்புல ஆடுத சின்ன பின் (ஜிக்கிள் பின்) மேல்பக்கமா நிக்கட்டும், காத்து வெளியேற. பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்துட்டுப் புது கேஸ்கெட். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி; குழாய்த் தண்ணி வேண்டாம், மறுபடி அடைக்கும். ஹீட்டரைத் திறந்து வச்சு நிரப்பி, ஃபேன் ஒரு தடவை ஓடி நிக்கிறவரை ஐடில்ல விடுங்க. ஆறினப்புறம் அளவு பாத்து ஊத்துங்க, சூட்டுல மூடியத் தொடாதீங்க.

ஆயில் டிப்ஸ்டிக்கை மோந்தும் பாத்துக்கிடுங்க. இத்தனை மாசம் கூட ஊத்தின பெட்ரோல் பிஸ்டன் ரிங் வழியா ஆயில்ல இறங்கியிருக்கும். வாடை வந்தாலோ, அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ ஆயிலும் ஃபில்டரும் உடனே மாத்தணும், நாள் கணக்குப் பாக்க வேண்டாம். பிளக்கைத் துடைச்சு அதையே போடுங்க, 200 கிலோமீட்டர் ஓட்டிட்டுக் கழட்டினா முனை வெளிறின காப்பி நிறத்துக்கு வந்திருக்கணும். அப்பவும் கரியாவே இருந்தா ஃப்யூயல் பிரஷரை அளந்துட்டு வந்து இங்க போடுங்க.